மகன் தென் சூடானுக்குப் போகிறான்: கொட்டாஞ்சேனைத் தாய் ஒருவருக்குப் பதில்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் கேட்டிருந்தார்: "என் மகனுக்கு 23 வயது. இராணுவ மருத்துவப் படையணியில் இருக்கிறான். ஐ.நா. அமைதிப்படையில் ஒரு வருடத்துக்குத் தென் சூடானுக்குப் போகிறான். அவனுக்குச் சந்தோஷம். எனக்குத்தான் தூக்கம் இல்லை. சொந்தக்காரர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. இந்த ஒரு வருடத்தை எப்படிக் கடத்துவது?"

தங்கச்சி, ஆறுதல் சொல்ல உங்களைச் சுற்றி ஆட்கள் இருப்பார்கள். அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். நான் ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர். என் மகன் விமானப்படையில் தொழில்நுட்பப் பிரிவில் இருக்கிறான். மத்திய ஆபிரிக்கக் குடியரசில் பிரியா என்ற ஊரில், எங்கள் எம்.ஐ. 17 ஹெலிகொப்டர்கள் நிற்கிற முகாமில் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தவன். வீட்டில் காத்திருப்பது என்றால் என்ன என்பதும் தெரியும், ஆபிரிக்காவின் நுளம்பு என்றால் என்ன என்பதும் தெரியும். அந்த இரண்டையும் வைத்தே எழுதுகிறேன்.

முதலில், அவன் போகிற இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் தெரியாத இடத்தைப் பற்றித்தான் பயம் கூடும். மருத்துவப் படையணி என்றால் அநேகமாக பொர் நகரத்துக்குத்தான். ஜொங்லே மாநிலத்தின் தலைநகர், வெள்ளை நைல் கரையில் இருக்கிறது. 2014இலிருந்து இலங்கை இராணுவம் அங்கே ஐ.நா. முகாமுக்குள் ஒரு வைத்தியசாலை நடத்துகிறது. ஐ.நா. கணக்கில் அது இரண்டாம் நிலை வைத்தியசாலை: ஒரு நாளைக்கு மூன்று நான்கு சத்திரசிகிச்சை, இருபது கட்டில் வரை, எக்ஸ்ரே, ஆய்வுகூடம், பல் வைத்தியம். நோயாளிகள் பெரும்பாலும் ஐ.நா. ஊழியர்களும் மற்ற நாட்டுப் படையினரும். நைல் கரைச் சமவெளி என்பதால் மழைக்காலத்தில் வெள்ளம் வரும், வீதிகள் மூடிப்போகும், நாட்டின் தலைநகர் ஜூபாவிலிருந்து சாமான் வருவதும் ஆள் வருவதும் ஆகாயவழியே. அந்தப் பகுதியில் மாடு கவர்வதில் தொடங்கும் சமூகச் சண்டைகள் நீண்டகாலமாக உண்டு, அரசியல் சண்டையும் உண்டு. ஆனால் உங்கள் மகனின் ஒரு நாள் என்பது பெரும்பாலும் வார்டு, மருந்து அலுமாரி, ஜெனரேட்டர் சத்தம், வெக்கை, இரவுக் கடமை. பல நாட்களில் அவனுக்குப் பெரிய எதிரி சலிப்பாகத்தான் இருக்கும்.

ஆபத்தே இல்லை என்று சொன்னால் அது பொய். 2019 ஜனவரி 25 அன்று மாலியில் டூவென்ஸாவுக்குப் பக்கத்தில் எங்கள் வாகனத் தொடரணி குண்டில் சிக்கி, ஓர் அதிகாரியும் ஒரு படைவீரரும் உயிரிழந்தார்கள். 2024 ஒக்டோபரில் லெபனானில் நகூராவிலுள்ள ஐ.நா. தலைமையகத்தில் எங்கள் படையினர் இருவர் காயப்பட்டார்கள். இவற்றை மறைத்து உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் அமைதிப்படை என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. மாலியில் நடந்தது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பாலைவன வீதியில் லொறிகளுக்குக் காவல் போகும் வேலை. முகாமுக்குள் இருக்கும் வைத்தியசாலை அது அல்ல. தொலைக்காட்சிக்கு இந்த வேறுபாடு தெரியாது. "இலங்கை அமைதிப்படையினர் மீது தாக்குதல்" என்று கீழே ஒரு வரி ஓடும், எந்த நாடு என்பது அடுத்த செய்தியில்தான் வரும். நகூரா செய்தி வந்த அன்று எங்கள் வீட்டுக்கே மூன்று பேர் போன் எடுத்தார்கள். எங்கள் பிள்ளை அப்போது லெபனானிலும் இல்லை, பிரியாவிலும் இல்லை, வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தான்.

செய்தி உங்களுக்கு எப்படி வரும் என்பதை அவன் போவதற்கு முன்பே ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். ஏதாவது நடந்தால் குடும்பத்துக்குச் சொல்வது படையணியின் பொறுப்பு. குடும்பத்துக்குச் சொல்லும்வரை பெயர் வெளியிடாமல் இருப்பது ஐ.நா.வின் வழக்கம். ஆகவே தொலைக்காட்சி உங்களுக்கு முந்திக்கொள்ளாது, முந்திக்கொண்டதுபோல் தோன்றினால் அது ஊகம். படையணி உங்களைத் தேடிவர வேண்டுமென்றால் அவர்களிடம் சரியான விலாசமும் போன் இலக்கமும் இருக்க வேண்டும். கொழும்பில் நாங்கள் வாடகை வீடு மாறுகிற வேகத்துக்கு, மகனின் கோப்பில் இருப்பது பழைய வீடாகவே இருக்கும். மகனிடம் சொல்லி அதைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, படையணியிலிருந்து பேசுகிறவர் அநேகமாகச் சிங்களத்தில்தான் பேசுவார். உங்களுக்குச் சிங்களம் வரும். வீட்டில் அம்மம்மா போனை எடுத்தால்? "ஆமி" என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் அவருக்குக் கை நடுங்கிவிடும். அது சம்பளக் கடிதம் பற்றிய அழைப்பாகவும் இருக்கலாம். இரண்டாவது இலக்கமாக சிங்களம் நன்றாகத் தெரிந்த ஓர் ஆளின் பெயரைக் கொடுத்துவையுங்கள். படையணித் தலைமையகத்தின் இலக்கத்தை வாங்கி, போனில் மட்டுமல்ல, ஒரு தாளிலும் எழுதிக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டுங்கள். அவனோடு போகிற இன்னொரு பிள்ளையின் தாய் அல்லது மனைவியின் இலக்கத்தையும் சேர்த்து. உண்மையில் எங்களுக்கு அதிகம் உதவியது இந்தக் கடைசி இலக்கம்தான். குருநாகலில் இருந்த ஓர் அம்மா. நேரில் கண்டதேயில்லை, என் மனைவியும் அவரும் இன்றுவரை கதைக்கிறார்கள்.

இனி போன் விஷயம். நீங்கள் கேட்டதில் இதுதான் பெரிது என்று நினைக்கிறேன்.

தென் சூடான் எங்களுக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு ஒன்பது என்றால் அங்கே பின்னேரம் ஐந்தரை. நேரம் ஒத்துவருகிறதே என்று "தினமும் ஒன்பது மணிக்கு எடு மகன்" என்று சொல்லிவிடாதீர்கள். முதல் இரண்டு கிழமை எடுப்பான். பிறகு ஒரு நாள் கடமை மாறும், ஒரு நாள் இணையம் விழும், ஒன்பதரைக்கு உங்களுக்கு நெஞ்சு அடைக்கும், பத்து மணிக்குக் கணவரை எழுப்புவீர்கள். அவனுக்கோ, சத்திரசிகிச்சை அறையில் நிற்கும்போதும் அம்மா காத்திருப்பார் என்ற எண்ணம் ஓடும். நேரம் குறிக்காதீர்கள். கிழமைக்கு இரண்டு தடவை, அவனுக்கு வாய்த்த நேரத்தில் கதைத்தால் போதும். இடையில் "இருக்கிறேன்" என்று ஒரு சொல் அனுப்பினால் அது மேல்மிச்சம். என் மனைவி வட்ஸ்அப்பில் அவன் கடைசியாக வந்துபோன நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "அதிகாலை இரண்டரைக்கு ஒன்லைன் வந்திருக்கிறான், ஏன் தூங்கவில்லை?" என்று காலையில் அதுவே பேச்சு. கடைசியில் மகனே அந்தத் தெரிவை மூடிவிட்டான். இரண்டு நாள் கோபித்தாள். மூன்றாம் நாளிலிருந்து அவளும் தூங்கினாள்.

கதைக்கும்போது என்ன கதைப்பது? வீட்டுக் கதையைக் கதையுங்கள். தண்ணீர் பில், பக்கத்து வீட்டு நாய், தங்கையின் பரீட்சை, ஆமர் வீதி நெரிசல். அவன் காது கேட்க ஏங்குவது இதைத்தான். "எப்போது வருவாய்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்காதீர்கள், அந்தப் பதில் அவன் கையில் இல்லை. அழுகை வந்தால் வரட்டும், ஒரு தாய் அழுவது குற்றம் இல்லை. ஆனால் ஒவ்வொரு அழைப்பும் அழுகையில் முடிந்தால் அவன் எடுப்பதைக் குறைப்பான். அன்பு குறைந்ததால் அல்ல. தூரத்தில் இருந்துகொண்டு அம்மாவைத் தேற்ற முடியவில்லையே என்பதால். உங்கள் பயத்தைக் கொட்ட கொழும்பில் ஆள் தேடுங்கள்: கணவர், அக்கா, அந்த இன்னொரு தாய், செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார், யாராக இருந்தாலும் சரி. மகனின் போனைத் தவிர.

அதே நேரம், வீட்டில் நடந்ததை மறைக்கவும் கூடாது. இதில் பலர் என்னோடு ஒத்துவரமாட்டார்கள். "பிள்ளை தூரத்தில் இருக்கிறான், தகப்பனுக்கு நெஞ்சுவலி வந்ததைச் சொல்லாதே" என்பார்கள். பிறகு ஒன்றுவிட்ட தம்பி பேஸ்புக்கில் பிரார்த்திக்கச் சொல்லிப் பதிவு போடுவான், மகன் அதைப் பார்ப்பான். அன்றோடு நீங்கள் சொல்லும் "எல்லாரும் சுகம்" என்ற சொல்லுக்கு மதிப்புப் போய்விடும். நடந்ததைச் சொல்லுங்கள், என்ன செய்திருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "அப்பாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம், இப்போது பரவாயில்லை, அண்ணன் கூட நிற்கிறான்." அவ்வளவுதான்.

அவன் எங்கே போகிறான், எந்த வீதி, எத்தனை பேர் என்றெல்லாம் கேட்காதீர்கள். அவன் அனுப்பிய படத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள். படத்தில் அவன் சிரிப்பு மட்டும்தான் உங்கள் கண்ணுக்குப் படும், பின்னால் இருக்கும் வேலி வேறு யார் கண்ணுக்கும் படலாம்.

சில நாள் சத்தமே இருக்காது. எங்கள் மகன் ஒரு தடவை வீடியோ அழைப்பில் வந்தான். தகரக் கூரையில் மழை கொட்டுகிறது, அவன் வாய் அசைவது தெரிகிறது, ஒரு சொல் கேட்கவில்லை. கெமராவைத் திருப்பிச் சிவப்புச் சேற்றைக் காட்டினான், படம் நின்றுபோனது. அதன்பின் நான்கைந்து நாள் ஒன்றுமில்லை. காரணம் மழையும் ஒரு கோபுரமும்தான். இன்னொரு காரணமும் உண்டு, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: ஒரு முகாமில் யாருக்காவது பெரிதாக ஏதாவது நடந்தால், அந்தக் குடும்பத்துக்கு முறையாகச் செய்தி போகும்வரை எல்லாருடைய போனையும் இணையத்தையும் நிறுத்திவைப்பது பல படைகளில் வழக்கம். ஆகவே ஊர் முழுக்க வதந்தி, மகனிடமிருந்து சத்தமில்லை என்றால் அதற்கு நீங்கள் நினைக்கிற ஒரே அர்த்தம்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். படையணி இலக்கத்துக்கு ஒரு தடவை எடுங்கள். பத்துத் தடவை வேண்டாம்.

இப்போது என் தொழில். தென் சூடானில் உங்கள் மகனுக்குத் துப்பாக்கியைவிட மலேரியாதான் பக்கத்தில் இருக்கிறது. அங்கே அதிகம் இருப்பது பல்சிபாரம் வகை, ஆளைச் சில நாட்களில் சாய்க்கக்கூடியது. போவதற்கு முன்னாலேயே தடுப்பு மாத்திரை தொடங்குவார்கள். எங்கள் படையினருக்கு வழமையாகக் கொடுப்பது மெப்ளோகுயின், கிழமைக்கு ஒன்று. அங்கே இருக்கும் காலம் முழுவதும் எடுக்க வேண்டும், திரும்பி வந்த பிறகும் நான்கு கிழமை எடுக்க வேண்டும். இந்த மாத்திரையில் சிலருக்குக் கெட்ட கனவு வரும், தலை சுற்றும், மனம் ஒரு மாதிரி இருக்கும். மகன் சொன்னால் உடனே "அப்படியென்றால் நிறுத்திவிடு, உடம்புக்குச் சூடு" என்று தாய்மார் சொல்வதை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். தயவுசெய்து சொல்லாதீர்கள். முகாம் வைத்தியரிடம் சொல்லச் சொல்லுங்கள், வேறு மருந்து இருக்கிறது, மாற்றிக் கொடுப்பார்கள். கனவு கடுமையாக இருக்கிறது, ஆள் மாறிவிட்டான் என்று தோன்றினால் இன்னும் சீக்கிரம் சொல்லச் சொல்லுங்கள். மாத்திரை மட்டும் போதாது, நுளம்பு வலைக்குள் படுப்பதும், மாலையில் முழுக்கை போடுவதும் வேண்டும்.

வந்த பிறகுதான் உண்மையான கவனம் தேவை. இலங்கையில் உள்ளூர் மலேரியா கடைசியாகப் பதிவானது 2012இல். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பு எங்களை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. அது எங்கள் துறைக்குப் பெருமை, ஆனால் ஒரு சிக்கலும் உண்டு. இளம் வைத்தியர்கள் பலர் ஒரு மலேரியா நோயாளியைக்கூடக் கண்டதில்லை. கொழும்பில் காய்ச்சல் என்று போனால் எல்லார் வாயிலும் முதலில் வருவது டெங்கு. மூன்று நாள் பார்ப்போம், பனடோல் குடியுங்கள் என்பார்கள். டெங்குக்கு அது சரி. பல்சிபாரத்துக்கு அந்த மூன்று நாள் ஆபத்து. ஆகவே ஆபிரிக்காவிலிருந்து வந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல் "இவன் தென் சூடானிலிருந்து வந்தவன், மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். டெங்குப் பரிசோதனையில் மலேரியா தெரியாது, அது தனிப் பரிசோதனை. நாரஹேன்பிட்டியில் மலேரியாத் தடை இயக்கத்தின் தலைமையகம் இருக்கிறது, அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். இது உங்கள் மகனுக்காக மட்டுமல்ல. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு இந்த நாட்டை விட்டுப் போகவில்லை, நோய்தான் போயிருக்கிறது. கவனிக்காமல் விட்ட ஒரு காய்ச்சல் போதும், மறுபடி தொடங்குவதற்கு. காய்ச்சல் மாதக்கணக்கில் பிந்தியும் வரலாம் என்பதால் ஒரு வருடத்துக்காவது இதை மனதில் வையுங்கள்.

என் மகன் வந்து மூன்றாம் கிழமை 103 டிகிரி காய்ச்சல். நான் ஒரு நிமிடம் நிற்கவில்லை, ஓட்டோவில் ஏற்றி நாரஹேன்பிட்டிக்குக் கொண்டுபோனேன். மலேரியா இல்லை. டெங்கு. ஆபிரிக்கா முழுவதும் தப்பியவனை எங்கள் தெமட்டகொடை நுளம்பு பிடித்துவிட்டது. ஓய்வுபெற்ற சுகாதாரப் பரிசோதகர் வீட்டில் டெங்கு என்று அந்தத் தெருவே சிரித்தது.

சொந்தக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்க் குடும்பத்தில் பிள்ளை இராணுவத்தில் இருக்கிறான் என்று சொல்வது எங்கள் நாட்டில் இலேசான காரியம் இல்லை. யாழ்ப்பாணத்துப் பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் இருப்பார், அந்த மௌனத்திலேயே எல்லாம் இருக்கும். அவர்கள் இழந்தவை அவர்களுக்குத் தெரியும், அதை நீங்கள் வாதிட்டு மாற்ற முடியாது, மாற்ற முயலவும் வேண்டாம். சுருக்கமாகச் சொல்லுங்கள்: "மகன் ஆபிரிக்காவில் ஒரு வைத்தியசாலையில் வேலைக்குப் போகிறான், ஐ.நா. மூலம்." அது உண்மை. கேட்டால் மீதியைச் சொல்லுங்கள். கேட்காதவரிடம் விளக்கம் கொடுக்க உங்களுக்குக் கடமை இல்லை. இன்னொரு வகை உறவினர் உண்டு, "எத்தனை டொலர்?" என்று கேட்பவர். அவரிடம் இன்னும் சுருக்கமாக. அப்புறம், "ரஷ்யாவுக்குப் போனவர்கள் மாதிரியா?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். இல்லை. அது ஓய்வுபெற்ற படையினரைத் தரகர்கள் ஏமாற்றி உக்ரைன் சண்டைக்கு ஏற்றிய விவகாரம், 2024இல் பாதுகாப்பு அமைச்சே முறைப்பாடு வாங்கத் தொடங்கியது. இது அரசாங்கம் அனுப்புகிற பணி.

மகனிடம் ஒரு விஷயம் பேசத்தான் வேண்டும். தாய்மாருக்குச் சங்கடமான விஷயம், தகப்பன் பேசினாலும் சரி. ஹெய்ட்டிக்கு 2004இலிருந்து போன எங்கள் படையினரில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் 2007இல் திருப்பி அனுப்பப்பட்டார்கள், அங்குள்ள பெண்களையும் சிறுமிகளையும் பாலியல் ரீதியாகச் சுரண்டினார்கள் என்ற குற்றச்சாட்டில். நாட்டுக்கே வெட்கக்கேடு. இப்போது அனுப்புவதற்கு முன் மனித உரிமைகள் ஆணைக்குழுவும் ஆட்களைச் சரிபார்க்கிறது, குக்குலே கங்கை என்ற இடத்தில் அமைதிப்படைக்காக நடக்கும் பயிற்சியிலும் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இருந்தாலும் வீட்டிலிருந்து ஒரு வார்த்தை போவது வேறு. பசியில் இருக்கும் ஊரில் கையில் பிஸ்கட் பெட்டியோடு நிற்கிறவன் எவ்வளவு பலமானவன் என்பது 23 வயதில் தானாகத் தெரியாது.

காசு பற்றிச் சுருக்கமாக. ஒரு படைவீரருக்கு மாதம் 1,400 டொலருக்கு மேல் ஐ.நா. இலங்கை அரசாங்கத்துக்குக் கொடுக்கிறது, அது அப்படியே மகன் கைக்கு வருவதில்லை. நேரடியாக அவன் கைக்கு வரும் கைச்செலவு நாளைக்கு 1.28 டொலர். மற்றக் கொடுப்பனவுகள் பதவியைப் பொறுத்தது, சில சமயம் பிந்தும். வரப்போகிற காசை நம்பி மாடிக்கு அத்திவாரம் போடாதீர்கள். வங்கி, காணி அலுவல் ஏதாவது இருந்தால் போவதற்கு முன் அற்றோணித் தத்துவம் (அவனுக்குப் பதிலாக நீங்கள் கையெழுத்துப் போட அவன் தரும் அதிகாரப் பத்திரம்) எழுதிக்கொள்ளுங்கள். "உங்கள் மகன் ஆஸ்பத்திரியில், உடனே காசு போடுங்கள்" என்று யாராவது போன் எடுத்தால் வைத்துவிட்டுப் படையணிக்கு எடுங்கள்.

சாப்பாடு பற்றிக் கவலை வேண்டாம், எங்கள் சமையல்காரர்களே போகிறார்கள், சோறு கறி கிடைக்கும். நல்ல மிளகாய்த்தூளும் மாசியும் சீல் பண்ணிக் கொடுத்துவிடுங்கள், சீனிச் சம்பல் கொஞ்சம். பயணப்பையின் நிறையைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

திரும்பி வரும் திகதியை நம்பி எதையும் நிச்சயிக்காதீர்கள். ஐ.நா. விமானம் பிந்தும், அடுத்த குழு தயாராகாமல் இருக்கும். 2020இல் கொவிட் வந்தபோது படை மாற்றத்தையே மாதக்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். மறுபக்கம், 2025 ஒக்டோபரில் காசு இல்லாமல் ஐ.நா. தன் அமைதிப்படையில் கால்வாசியைக் குறைப்பதாக அறிவித்தது, அப்படி முன்கூட்டியே வரவும் கூடும். வந்த முதல் கிழமை தூங்குவான், பிறகு சத்தம் போட்டால் எரிச்சல்படுவான், கூட்டத்துக்கு வரமாட்டான், கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வான். வீட்டுக்கு வந்தவனை ஊர் சுற்றிக் காட்ட வேண்டாம், அவனாக வெளியே வரட்டும். இரண்டு மாதம் கழித்தும் தூக்கமில்லை, குடி கூடுகிறது, யாரோடும் கதைப்பதில்லை என்றால் மட்டும் இராணுவ வைத்தியசாலைக்குப் போகச் சொல்லுங்கள், அங்கே மனநல வைத்தியர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அதற்குள் பெண் பார்க்கத் தொடங்கியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பாருங்கள், தடையில்லை. மண்டபத்துக்கு முற்பணம் மட்டும் அவன் கட்டுநாயக்காவில் இறங்கிய பிறகு கட்டுங்கள்.